ஒரே ஒசரத்துல ரெண்டு படம்

இந்தக் கதைல வர்ற குருவுக்கு தாடி கெடையாது. ஆசிரமமும் கெடையாது. பேரு எழிலரசி, வயசு முப்பத்தி மூணு. பஸ்ஸு கடைசியா வந்து திரும்புற எடத்துல ஒரு யூனிவர்சிட்டி. அங்க கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல இவங்களுக்கு ஒரு லேப். அந்த லேப்ல அடுப்பு இல்ல, ஆசிட் இல்ல, நாத்தம் இல்ல. மூலக்கூறுகளுக்கு கம்ப்யூட்டர்லயே கணக்கு போடுற எடம்.

சிஷ்யை பேரு செல்லக்கனி. குருவ விட அஞ்சு வயசு பெரியவ. பெரியவளா இருந்தாலும் கதைல சிஷ்யை, அதனால "அவ"தான்.

ஒரு காலேஜ்ல பன்னண்டு வருஷம் கெமிஸ்ட்ரி பாடம் எடுத்தவ. ஏன் விட்டான்னா, பிரின்சிபல் கூட சண்டை. பிராக்டிகல் பரிட்சைல கேட்ட கேள்வி தப்புன்னு இவ சொன்னா. "தப்பு இல்லன்னு காட்டுங்க, நான் வேலைய விட்டுர்றேன்"னா. காட்டுனாங்க. விட்டுட்டா.

சொன்ன சொல்ல திரும்ப எடுக்க மாட்டா. அவளுக்கு அது பெருமை. அவ வீட்டுக்காரருக்கு அது கவலை.

பிஎச்டி சேர வந்த அன்னிக்கு கேட்ல வாட்ச்மேன் கேட்டாரு, "பொண்ண சேக்க வந்தீங்களாம்மா?"

"ஆமா. நான்தான் பொண்ணு. தள்ளுங்க."

பின்னாடியே வந்த ஒருத்தன் சிரிச்சுட்டான். திண்டுக்கல் பக்கம், பேரு பிரிட்டோ. அவனும் அன்னிக்குத்தான் அதே லேப்ல சேர வந்தவன். நுழைவுத் தேர்வுல ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. ஒரே ரேங்க்கு. ஒரே நாள்ல கையெழுத்து.

செல்லக்கனிக்கு அன்னிக்கு ஆரம்பிச்ச அரிப்பு.

"மேடம், எங்க ரெண்டு பேர்ல யாரு சீனியர்?"

"ரெண்டு பேரும் ஒண்ணாதான வந்தீங்க," எழிலரசி சொன்னாங்க.

"என்னய நீங்கன்னு கூப்பிடுறீங்க. அவன நீன்னு கூப்பிடுறீங்க. அப்ப நான்தான?"

"அது வயசுக்கு."

"வயசு கணக்குல வராதா?"

"நாம போடுற கணக்குல எங்கயாச்சும் வயசு பாத்தீங்களா?"

செல்லக்கனி யோசிச்சா. இல்ல. அதனால இன்னும் கோவம் வந்துச்சு.

*

அந்த லேப்ல ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கணக்கா இருந்தாலும் ரெண்டு பேர் போடணும். தனித்தனியா போடணும். ஒருத்தர் ஸ்க்ரீன ஒருத்தர் எட்டிப் பாக்கக் கூடாது. ரெண்டும் ஒத்துப் போனாதான் அது ஆராய்ச்சிப் பேப்பருக்குப் போகும். ஒத்துப் போகலன்னா கணக்கே இல்ல, திரும்ப மொதல்ல இருந்து.

எழிலரசி அவங்க ரெண்டு பேருக்கும் கொடுத்தது பென்சீன். ஆறு கார்பன் கை கோத்து நிக்குற வளையம். பெரிய வேலைக்கு முன்னாடி கை பழக்கம்.

அதுல கடைசியா எலக்ட்ரான் இருக்குற எடத்துல ரெண்டு நிலை உண்டு. ரெண்டுக்கும் எனர்ஜி ஒண்ணு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு கெடையாது. புத்தகத்துல சம ஆற்றல்னு போட்டிருக்கும். எலக்ட்ரான் எங்க இருக்கும்ங்கறத கம்ப்யூட்டரு செவப்பும் நீலமுமா படம் போட்டுக் காட்டும். செவப்புக்கும் நீலத்துக்கும் நடுவுல ஒரு கோடு வரும். அந்தக் கோட்டுல எலக்ட்ரான் நிக்காது. ரெண்டு நிலைக்கு ரெண்டு படம், படத்துக்கு ஒரு கோடு.

வெள்ளிக்கெழமை மீட்டிங்ல ரெண்டு பேரோட படத்தையும் செவுத்துல பக்கத்துல பக்கத்துல போட்டாங்க.

செல்லக்கனி ஒரு நிமிஷம் பாத்தா. அப்புறம் திரும்புனா.

"டேய். உன் பென்சீன் எங்கயாச்சும் விழுந்து எந்திரிச்சுச்சா?"

"ஏன்க்கா?"

"கோடு சாஞ்சு கெடக்குது."

"எனக்கு அப்படித்தான்க்கா வந்துச்சு."

"வந்துச்சுன்னா? அது என்ன காய்ச்சலா, தானா வர்றதுக்கு?"

லேப்ல இருந்த மத்தவங்க சிரிச்சாங்க. பிரிட்டோவும் சேந்து சிரிச்சான். அது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"என் படத்தப் பாரு. ஒரு படத்துல கோடு நட்டமா நிக்குது. இன்னொண்ணுல படுக்கையா இருக்குது. எந்த புத்தகத்த தொறந்தாலும் இப்படித்தான் இருக்கும். பன்னண்டு வருஷம் போர்டுல இதத்தான் வரஞ்சிருக்கேன். நீ வச்சிருக்கறது என்ன? ரெண்டு கோடும் குடிச்சுட்டு வந்த மாதிரி."

"எனர்ஜி என்ன வருது?" எழிலரசி கேட்டாங்க.

"அதுல வித்தியாசம் இல்ல மேடம்," பிரிட்டோ சொன்னான். "அக்காவோடதும் என்னோடதும் கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணு."

"காப்பியடிக்கிறவனுக்கும் மார்க்கு ஒண்ணாதான் வரும்," செல்லக்கனி சொன்னா.

"காப்பியடிச்சிருந்தா படமும் ஒண்ணா வந்திருக்குமேக்கா."

அது நியாயம். நியாயம்னு தெரிஞ்சதும் அவளுக்கு சத்தம் ஏறிடுச்சு.

"மேடம், இவன் சிமெட்ரிய, ஆறு மூலையும் ஒண்ணு போலங்கறத, ஆஃப் பண்ணிட்டு கணக்கு போட்டிருக்கான். பொறுப்பு இல்ல. இது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன், இவன் படம் சரின்னா நான் இந்த லேப்ப விட்டுப் போறேன்."

யாரும் இப்ப சிரிக்கல. செல்லக்கனி சொன்னா செய்வான்னு எல்லாருக்கும் தெரியும். காலேஜ் கதைய லேப்ல எல்லாருக்கும் அவளே பெருமையா சொல்லியிருக்கா.

எழிலரசி லேப்டாப்ப மூடுனாங்க.

"பசிக்குது," அப்படின்னாங்க. "நீங்க ரெண்டு பேரும் வாங்க."

*

கேன்டீன்ல தோசைக்கல்லுகிட்ட நிக்கறது பால்பாண்டி அண்ணன். எழிலரசி போய் சொன்னாங்க, "அண்ணே, ஒரு ஊத்தப்பம். வெங்காயம் வேணாம், மொளகா வேணாம், பொடி வேணாம். வட்டம் மட்டும் சுத்தமா இருக்கணும்."

"ஒடம்பு சரியில்லையா மேடம்?"

"நல்லாத்தான்ணே இருக்கேன்."

பால்பாண்டி தலைய ஆட்டிக்கிட்டே ஊத்துனாரு. வட்டம் நெலா மாதிரி வந்துச்சு. வெங்காயம் இல்லாத ஊத்தப்பத்த தட்டுல வைக்க அவருக்கு மனசு வரல, கிண்ணத்துல சட்னிய கூட ஒரு கரண்டி ஊத்துனாரு.

செல்லக்கனி சட்னிக் கிண்ணத்த தன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டா.

எழிலரசி ஸ்பூன அவகிட்ட குடுத்தாங்க. "இத சரிபாதியா கோடு போடுங்க. வெட்ட வேணாம், தடம் மட்டும்."

செல்லக்கனி நட்டமா ஒரு கோடு இழுத்தா. நேர்க்கோடு. பன்னண்டு வருஷம் போர்டுல வரஞ்ச கை.

"பிரிட்டோ, நீ போடு."

அவன் தட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே, உக்காந்த எடத்துல இருந்து சாய்வா ஒண்ணு இழுத்தான்.

"இதுல எது சரிபாதி?"

செல்லக்கனி பாத்தா. கண்ணாலயே அளந்தா. அவன் போட்டதும் சரிபாதிதான்.

"ரெண்டும்," அப்படின்னா. சொல்லி முடிக்கறதுக்குள்ளயே, "ஆனா மேடம், இது ஊத்தப்பம்."

"ஆமா."

"அது பென்சீன். ஊத்தப்பத்துக்கு மூலை கெடையாது, எங்க வேணா கோடு போடலாம். பென்சீனுக்கு ஆறு மூலை இருக்குது. மூலை வழியா போடலாம், ரெண்டு மூலைக்கு நடுவுல போடலாம். இவன் போட்டிருக்கற கோடு ரெண்டுலயும் சேரல. அந்தரத்துல போகுது. ஒப்பிடுறதா இருந்தா ஒழுங்கா ஒப்பிடணும்."

பிரிட்டோ பயந்து போய் எழிலரசியப் பாத்தான். குருவ இப்படி யாரும் பேசி அவன் பாத்ததில்ல.

எழிலரசி மொகத்துல ஒரு சந்தோஷம்.

"கரெக்ட்டு. ஊத்தப்பத்த நம்பாதீங்க," அப்படின்னாங்க. "உங்க படத்த நம்புவீங்கல்ல?"

"அது சரியான படம்."

"அப்ப அதுலயே பாருங்க. உங்க ரெண்டு படத்தையும் கலந்து பாருங்க. மொத படத்துல இருந்து கொஞ்சம், ரெண்டாவதுல இருந்து கொஞ்சம். பிரிட்டோ படத்த தொடவே தொடாதீங்க."

"எவ்வளவு எவ்வளவு?"

"உங்க இஷ்டம். கலந்துட்டு எனர்ஜியப் பாருங்க. அப்புறம் கோட்டப் பாருங்க."

"பாத்துட்டு?"

"வந்து என்கிட்ட சண்ட போடுங்க."

ஊத்தப்பத்த பிரிட்டோ சாப்புட்டான். சட்னி கேட்டான். செல்லக்கனி குடுக்கல.

*

லேப்புக்கு வந்து உக்காந்தா. தன்னோட ரெண்டு படத்தையும் எடுத்தா. பாதிக்குப் பாதி கலந்தா. எனர்ஜி மாறல.

முக்காலுக்குக் கால் கலந்தா. மாறல.

இது மாறாதுன்னு அவளுக்குத் தெரியும். சம ஆற்றல் இருக்குற நிலைகள எந்த அளவுல கலந்தாலும் ஆற்றல் மாறாது. ரெண்டு மார்க்கு கேள்வி. வருஷா வருஷம் பிள்ளைங்கள அடிக்கோடு போடச் சொன்ன வரி. அடிக்கோடு போடச் சொன்னாளே ஒழிய, ஒரு தடவ கூட கலந்து பாத்ததில்ல.

இப்ப கோட்டப் பாத்தா.

அளவ மாத்த மாத்த கோடு சுத்துச்சு. ஆறு மூலைக்கும் ஏத்த மாதிரி லேசா நெளிஞ்சு, கடியாரமுள்ளு மாதிரி. நட்டமா இருந்தது சாஞ்சுச்சு. சாஞ்சது படுத்துச்சு. அதுக்கு மூலையும் ஒண்ணுதான், அந்தரமும் ஒண்ணுதான்.

ஒரு எடத்துல கைய எடுத்துட்டா.

ஸ்க்ரீன்ல பிரிட்டோ படம். அவன் கணக்குப் பக்கத்துலயே அவ போகல, அவளோட ரெண்டு படத்துல இருந்தே வந்து நிக்குது. குடிச்சுட்டு வந்த அதே சாய்வு.

செல்லக்கனி எந்திரிச்சா. ஊறுகா பாட்டில்ல வச்சிருந்த மணி பிளான்ட எடுத்தா. தண்ணி பாட்டில எடுத்தா. டிராயர்ல இருந்த ஸ்வெட்டர எடுத்தா. ஏசி ரூமுல போடறதுக்குன்னு வாங்குனது. எல்லாத்தையும் பைக்குள்ள வைக்க ஆரம்பிச்சா.

பிரிட்டோ விசிலடிச்சுக்கிட்டே உள்ள வந்தான். விசில் நின்னுச்சு.

"அக்கா, எங்க கெளம்பிட்டீங்க?"

"உன் படம் சரி."

"அதுக்கு டீ வாங்கித் தாங்கக்கா. பைய ஏன் கட்டுறீங்க?"

"என்ன சொன்னேன்னு கேட்டல்ல?"

"அது கோவத்துல சொன்னது."

"நான் வேற எதுல சொல்லுவேன்? கோவத்துல சொன்னாலும் என் வாய்தான சொன்னுச்சு. தள்ளு."

"அக்கா, வீட்ல அண்ணன் என்ன சொல்லுவாரு?"

"போன தடவ ஒண்ணும் சொல்லல. எழுந்து போய் செடிக்குத் தண்ணி ஊத்துனாரு. மழ பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

இதச் சொல்லும்போது அவ குரலு கொஞ்சம் எறங்குச்சு. கை மட்டும் நிக்கல. ஸ்வெட்டர மடிச்சா, பிரிச்சா, திரும்ப மடிச்சா.

பிரிட்டோ ஓடிப் போய் எழிலரசிய கூட்டிட்டு வந்தான்.

எழிலரசி பையப் பாத்தாங்க. ஸ்க்ரீனப் பாத்தாங்க. சுத்தி நின்ன கோட்டப் பாத்து, "அழகா வந்திருக்கு," அப்படின்னாங்க.

"சண்ட போட வரச் சொன்னீங்க மேடம். போட எதுவும் இல்ல. அவன் படம் சரி. நான் போறேன்."

"ம்."

"தடுக்காதீங்க."

"தடுக்கல. ஒரு சந்தேகம் மட்டும். நீங்க போகணும்ங்கற கணக்க யாரு போட்டது?"

"நான்."

"தனியாவா?"

"இதுக்கு என்ன கூட்டமா சேத்துக்கிட்டு போடணும்?"

"இந்த லேப்ல ஒருத்தர் மட்டும் போட்ட கணக்க நாம எடுத்துக்கறதில்லையே."

செல்லக்கனி பை ஜிப்ப இழுத்துக்கிட்டிருந்தா. அது பாதில நின்னுச்சு.

எழிலரசி பிரிட்டோ பக்கம் திரும்புனாங்க. "நீ தனியா போட்டுப் பாரு. உன் அக்கா போகணுமா, வேணாமா. அவங்ககிட்ட கேக்காத. என்கிட்டயும் கேக்காத."

"எவ்வளவு நேரம் மேடம்?"

"பென்சீனுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்ட?"

பிரிட்டோ வராண்டாவுக்குப் போனான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். கண்ணாடி வழியா தெரிஞ்சுச்சு. ஒரு தடவ நின்னு வெரல விட்டு எண்ணுனான். ஒரு தடவ தலைல அடிச்சுக்கிட்டான். செல்லக்கனி பாக்காத மாதிரி பாத்துக்கிட்டே இருந்தா.

உள்ள வந்தான்.

"எனக்கு வேற விடை வருது மேடம்."

"எப்படி வந்துச்சு? வழியச் சொல்லு."

"அக்கா சொன்னது, என் படம் சரின்னா போறேன்னு."

"ஆமா," செல்லக்கனி சொன்னா. "சரின்னு ஆயிருச்சு."

"இருங்கக்கா. நம்ம லேப்ல ஒரு படம் சரின்னு எப்பச் சொல்லுவோம்? ரெண்டு பேர் தனித்தனியா போட்டு ஒத்துப் பாத்தாதான். அக்கா போயிட்டா, என் படத்த யாரு படத்தோட ஒத்துப் பாக்கறது? ஆள் இல்ல. அப்ப என் படம் சரின்னு சொல்ல முடியாது. என் படம் சரின்னு சொல்ல முடியலன்னா, அக்கா சொன்ன சொல்லு படியே அக்கா போக வேண்டியதில்ல."

செல்லக்கனி ஜிப்ப விட்டுட்டு நிமிந்தா.

"இதுல எங்கயோ ஓட்டை இருக்குது," செல்லக்கனி சொன்னா.

"இருக்கலாம்," எழிலரசி சொன்னாங்க. "ரெண்டு கணக்கும் ஒத்துப் போகல. மொதல்ல இருந்து போடணும். ஓட்டையக் கண்டுபுடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் அந்தச் செடிய வெளிய எடுத்து வைங்க, மூச்சு முட்டும்."

செல்லக்கனி சாயங்காலம் வரைக்கும் ஓட்டையத் தேடுனா. பஸ்லயும் தேடுனா. கண்டக்டர் டிக்கெட் கேட்டதுக்கு, "இருங்க, யோசிக்கிறேன்ல," அப்படின்னா. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரர்கிட்ட முழுசா சொல்லி, "எங்க ஓட்டை, சொல்லுங்க"ன்னு கேட்டா.

அவரு நல்லா யோசிச்சாரு. "அந்தத் தம்பிய ஒரு நாள் சாப்புட கூட்டிட்டு வா," அப்படின்னாரு.

*

அடுத்து எழிலரசி குடுத்தது பெரிய வேலை. அதே பென்சீன்தான். அதுல ஒரு மூலைல இருக்குற ஹைட்ரஜன எடுத்துட்டு அந்த எடத்துல ஃபுளோரின் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் பழையபடி.

தனித்தனியா போட்டாங்க. செல்லக்கனி தன் ஸ்க்ரீன துண்டு போட்டு மூடி வச்சுக்கிட்டா. பிரிட்டோ இந்தத் தடவயும் சிமெட்ரிய ஆஃப் பண்ணிட்டான், வேணும்னே. செல்லக்கனிக்கு அது தெரியும். வாயத் தொறக்காம இருந்தா. அது அவளுக்குப் பெரிய வேலையா இருந்துச்சு.

வெள்ளிக்கெழமை. செவுத்துல ரெண்டு பேரு படமும் பக்கத்துல பக்கத்துல.

செல்லக்கனி சண்டைக்குத் தயாரா முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னாடி வந்தா.

ரெண்டும் ஒண்ணு. கோடு ஒண்ணு. ஒரு படத்துல ஃபுளோரின் இருக்குற மூலை வழியா நேரா போகுது. இன்னொண்ணுல அதுக்குக் குறுக்கா போகுது. அவளோடதும் அப்படி. அவனோடதும் அப்படி.

எனர்ஜியப் பாத்தா. ஒண்ணா இருந்த ரெண்டு நிலையும் பிரிஞ்சிருச்சு. ஒண்ணு கொஞ்சம் மேல, ஒண்ணு கொஞ்சம் கீழ.

"என்னக்கா," பிரிட்டோ கேட்டான். "திட்டுறதுக்கு ஒண்ணும் கெடைக்கலையா?"

"பொறுடா, தேடுறேன்."

கெடைக்கல. ஏமாந்து போனவ மாதிரி நின்னா. அப்புறம் எழிலரசிகிட்ட திரும்புனா.

"மேடம், எனக்கு ஒண்ணு வெளங்கல. இவன் அன்னிக்கு மாதிரியேதான் அலட்சியமா போட்டிருக்கான். அன்னிக்கு எங்கயோ சாஞ்சு போன கோடு, இன்னிக்கு எப்படி ஒழுங்கா என் கோட்டுல வந்து நிக்குது? அன்னிக்கு அவ்வளவு சுதந்திரமா சுத்துச்சு. இன்னிக்கு யாரு புடிச்சு நிறுத்துனது?"

"பசிக்குது," எழிலரசி சொன்னாங்க.

*

பால்பாண்டி அவங்க மூணு பேரையும் பாத்ததும் பெருமூச்சு விட்டாரு. "வெங்காயம் இல்லாமதான மேடம்?"

"ஆமாண்ணே."

வட்டம் வந்துச்சு. சட்னி வந்துச்சு. செல்லக்கனி சட்னிய தன் பக்கம் இழுத்துக்கிட்டா.

எழிலரசி ரெண்டு பேர் கைலயும் ஒவ்வொரு ஸ்பூன் குடுத்தாங்க. ஆனா கோடு போடச் சொல்லல. ஊத்தப்பத்த ரெண்டு கையாலயும் தூக்குனாங்க. ஓரத்துல ஒரு வாய் கடிச்சாங்க. பெருசா. திரும்ப தட்டுல வச்சாங்க.

"மேடம்," செல்லக்கனி அதிர்ந்து போய்ட்டா. "எச்சி பண்ணிட்டீங்களே. பிட்டு சாப்புடக் கூடாதா?"

எழிலரசியால பேச முடியல, வாய் நெறைய இருந்துச்சு. கையால காட்டுனாங்க. கோடு போடுங்க, ரெண்டு பாதியும் ஒண்ணு மாதிரி இருக்கணும்.

செல்லக்கனி ஸ்பூன எறக்குனா. பிரிட்டோவும் எறக்குனான். ரெண்டு ஸ்பூனும் ஒரே எடத்துல, கடிபட்ட பள்ளத்துக்கு நட்டநடுவுல, டக்குனு மோதுச்சு.

அவ இந்தப் பக்கம் உக்காந்திருந்தா. அவன் அந்தப் பக்கம் உக்காந்திருந்தான். யாரும் யாரையும் பாத்துப் போடல.

செல்லக்கனி ஸ்பூன எடுக்காம அப்படியே வச்சிருந்தா. கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தையே பாத்தா.

"அப்ப ஃபுளோரின்..." அப்படின்னா.

எழிலரசி தலைய ஆட்டுனாங்க.

"கடி விழுற வரைக்கும் எந்தக் கோடும் சரி."

தலையாட்டல்.

"விழுந்ததுக்கு அப்புறம் ஒரே கோடுதான். மேல கீழன்னு பிரியறதும் அப்புறம்தான்."

தலையாட்டல். இன்னும் மென்னு முடியல.

பிரிட்டோ பள்ளத்துக்கு இந்தப் பக்கமா ஒரு துண்டு பிட்டு வாயில போட்டுக்கிட்டான். "எனக்கு எச்சியெல்லாம் கணக்கு இல்லக்கா. எங்க வீட்ல ஆறு பேரு, ஒரே தட்டு."

"கோட்டக் கெடுத்துட்டியேடா."

"பசி ஒரு பெரிய ஃபுளோரின்க்கா."

செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிப் பாத்தா, முடியல. அடக்குன சிரிப்பு அவளுக்கு தும்மலாத்தான் வரும், வந்துச்சு. பால்பாண்டி கல்லுகிட்ட இருந்து எட்டிப் பாத்தாரு.

சிரிச்சு முடிச்சதும் அவளுக்குப் பழைய அரிப்பு ஞாபகம் வந்துச்சு. செல்லக்கனி எதையும் பாதில விடுறவ இல்ல.

"மேடம். இந்த வேலை பேப்பராகப் போகுது. யாரு பேர மொதல்ல போடுவீங்கன்னு நான் கேக்கல. அது உங்க இஷ்டம். ஆனா சேந்த அன்னில இருந்து ஒண்ணு கேக்குறேன். நீங்க ஊத்தப்பம் காட்டுறீங்க, பென்சீன் காட்டுறீங்க, பசிக்குதுங்கறீங்க, பதில் மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க."

"கேளுங்க," எழிலரசி சொன்னாங்க. இப்பத்தான் வாய் காலியாச்சு.

"ஒரே மார்க்கு. ஒரே ரேங்க்கு. ஒரே நாள்ல சேந்தோம். ஒரே படத்தப் போட்டுட்டு வந்திருக்கோம். மழுப்பாம சொல்லுங்க. எங்க ரெண்டு பேர்ல யாரு மேல?"

பிரிட்டோ மெல்லுறத நிறுத்திட்டான். அவனுக்கும் தெரியணும் போல இருந்துச்சு.

எழிலரசி தட்டப் பாத்தாங்க. கடிபட்ட எடத்த வெரலால தொட்டாங்க. அப்புறம் அவளப் பாத்தாங்க, அவனப் பாத்தாங்க, கைய கர்ச்சீப்ல தொடச்சுக்கிட்டாங்க.

"சொல்லிறலாம்," அப்படின்னாங்க. "யாரக் கடிக்கட்டும்?"

பிரிட்டோ கைய மேசைக்கு அடியில இழுத்துக்கிட்டான்.

செல்லக்கனி சட்னிக் கிண்ணத்த எடுத்து மேசைக்கு நடுவுல வச்சா.